அசையாத விண்மீன்களும் கிரேக்கர்களின் கணக்கும்

2019 டிசம்பர் 26 காலை கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் சூரியன் மோதிரமாகத் தெரிந்தது. அதே நேரத்தில் சென்னையில் மொட்டைமாடி ஏறி நின்றவர்களுக்குக் கிடைத்தது பாதிக்கு மேல் கடித்துவைத்த அப்பளம்தான். சூரியனும் நிலாவும் எல்லோருக்கும் ஒன்றுதான். இடையில் இருந்தது சில நூறு கிலோமீட்டர் தூரம் மட்டுமே. அந்தத் தூரம் நிலாவைச் சூரியனின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிவிட்டது.

சந்திர கிரகணத்தில் இந்தப் பாகுபாடு கிடையாது. அங்கே நிழல் நிலாவின் மேலேயே விழுகிறது. நிலா தெரிகிற ஊரில் எல்லாம் ஒரே காட்சிதான். சூரிய கிரகணம் அப்படியல்ல. அருகில் இருக்கும் பொருள் தொலைவில் இருக்கும் பொருளை மறைக்கும் காட்சி அது. பார்ப்பவர் நகர்ந்தால் அருகில் இருக்கும் பொருளும் பின்னணியில் நகர்ந்ததாகத் தோன்றும். இதைத்தான் பள்ளிப் பாடநூல்கள் இடமாறு தோற்றம் என்கின்றன. அளவுகோலைச் சாய்வாகப் பார்த்து அளந்தால் அளவு தவறும் என்று ஆறாம் வகுப்பில் படித்தோமே, அதே சங்கதி. பாடநூலில் அது பிழை. வானியலில் அந்தப் பிழைதான் அளவுகோல்.

இதை முதலில் அளவுகோலாக்கியவர்களில் முக்கியமானவர் ஹிப்பார்க்கஸ். நிக்கேயா நகரில் பிறந்து, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவில் வானத்தை அளந்தவர். ஒரு சூரிய கிரகணத்தைப் பற்றி அவருக்குத் தகவல் கிடைத்தது. ஹெலஸ்பான்ட் பகுதியில், அதாவது இன்றைய துருக்கியின் தார்தனெல்ஸ் நீரிணையை ஒட்டி, சூரியன் முழுதாக மறைந்தது. தெற்கே அலெக்சாண்டிரியாவில் ஐந்தில் நான்கு பங்குதான் மறைந்தது. அது கி.மு. 190இல் நடந்த கிரகணமா, 129இல் நடந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அது எந்த ஆண்டாக இருந்தாலும் கணக்கின் வழி மாறப்போவதில்லை.

அந்தக் கணக்கை நாமே தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைப்பது கலை. கலையை அறுபதாகப் பிரித்தால் விகலை. வானத்தில் சூரியனின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை, அதாவது 30 கலை. அதில் ஐந்தில் ஒரு பங்கு 6 கலை. இரண்டு இடங்களுக்கும் இடையே அட்சரேகையில் சுமார் 9 பாகை வேறுபாடு. புவி ஆரத்தை 1 என்று வைத்தால் அந்த இடைவெளி ஏறக்குறைய 0.16. அந்த 0.16 இடைவெளியால் 6 கலை மட்டும் நகரும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? சுமார் 90 புவி ஆரங்கள். நிலா தலைக்கு நேர் மேலே இல்லாமல் சாய்வாக இருந்ததைக் கணக்கில் சேர்த்தால் இது இன்னும் குறையும். ஹிப்பார்க்கஸ் பெற்ற விடை: மிகக் குறைந்த தூரம் 71, மிகக் கூடிய தூரம் 83 புவி ஆரங்கள். இன்று நாம் அறிந்த சராசரி 60. தொலைநோக்கியும் துல்லியமான கடிகாரமும் இல்லாத காலத்தில், இரண்டு ஊர்ச் செய்திகளை மட்டும் வைத்து ஒரு மனிதர் நிலாவுக்குத் தூரம் சொன்னார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

அவர் அங்கே நிற்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். மேலே சொன்ன கணக்கில், சூரியன் துளியும் இடம் மாறுவதில்லை என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. இரண்டாவது நூலில் அவர் அந்த அனுமானத்தைக் கைவிட்டார். சூரியனுக்கும் இடமாறு தோற்றம் இருக்கலாம். ஆனால் கண்ணுக்குப் பிடிபடாத அளவு சிறியது என்று வைத்துக்கொண்டார். சூரியனின் தூரத்தை 490 புவி ஆரங்கள் என்று எடுத்தார். அதற்கு ஒப்பான இடமாற்றம் 7 கலை. அப்படிக் கணக்கிட்டபோது நிலாவின் சராசரித் தூரம் 67⅓ ஆகக் குறைந்தது. உண்மைக்கு இன்னும் நெருங்கி வந்துவிட்டார். அவருடைய சூரியத் தூரம் படுதவறு. உண்மையில் அது 23,000 புவி ஆரங்களுக்கும் அதிகம். ஆனால் அணுகுமுறையைப் பாருங்கள். தெரியவில்லை என்பதை ‘இல்லை’ என்று எழுதாமல், தெரியாத அளவுக்குள் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று எழுதினார். விண்மீன்களின் விஷயத்தில் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலான வேறுபாடு கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகள் நீண்ட வழக்காக இருந்தது.

அந்த வழக்கு ஹிப்பார்க்கஸுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பித்தாகோரியர்கள் என்று அழைக்கப்பட்ட குழுவினர் உலகின் நடுவில் பூமி இல்லை, ஒரு மைய நெருப்பு இருக்கிறது, பூமி அதைச் சுற்றுகிறது என்றார்கள். அப்படியானால் பூமி நடுவிலிருந்து விலகியிருப்பது வானத்தில் தெரிய வேண்டாமா? அவர்கள் சொன்ன பதிலை அரிஸ்டாட்டில் தம்முடைய வானம் பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார்: பூமிதான் நடுவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் நாம் அதன் மையத்தில் நிற்கவில்லை, மேற்பரப்பில், அரை விட்டம் தள்ளி நிற்கிறோம். அந்த விலகல் வானத்தில் தெரிகிறதா? இல்லையே. அது தெரியாமல் போவது போல இதுவும் தெரியாமல் போகலாம்.

மைய நெருப்பு என்பது கற்பனைதான். ஆனால் இந்தப் பதில் அசல் வடிவியல். அடித்தளம் சிறிதாகவும் தூரம் பெரிதாகவும் இருந்தால் இடமாற்றம் கண்ணுக்கு எட்டாது என்று இடமாறு தோற்றத்தின் முழு ரகசியத்தையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது.

அரிஸ்டாட்டில் இதை ஏற்கவில்லை. பூமி நகர்ந்தால் விண்மீன்களில் விலகல்களும் திருப்பங்களும் தெரிய வேண்டும், ஆனால் அதே விண்மீன்கள் எப்போதும் அதே இடங்களில் உதித்து அதே இடங்களில் மறைகின்றன என்று அதே நூலில் எழுதினார். இதை இன்று நாம் சொல்லும் ஆண்டு இடமாறு தோற்றமாகவே பலர் வாசிக்கிறார்கள். எனக்கு அது சற்று அவசரமாகப் படுகிறது. கோள்களைப் போலப் பூமிக்கும் இரண்டு இயக்கங்கள் இருந்தால் என்ன ஆகும் என்பதே அந்த இடத்தில் அவருடைய கேள்வி. விண்மீன்கள் உதிக்கும் புள்ளிகள் மாறுவதைத்தான் அவர் எதிர்பார்த்தார் போலும். ஆனாலும் தர்க்கத்தின் எலும்புக்கூடு ஒன்றே: நாம் நகர்ந்தால் அவை நகர வேண்டும், அவை நகரவில்லை, எனவே நாமும் நகரவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஊர் மாறினால் விண்மீன்கள் மாறுகின்றனவே என்று ஒருவர் கேட்கலாம். எகிப்திலும் சைப்ரஸிலும் தெரியும் சில விண்மீன்கள் வடக்கே தெரிவதில்லை என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். நாம் அகத்தியர் என்று அழைக்கும் கனோபஸ் விண்மீன் ரோட்ஸ் தீவில் அடிவானத்தைத் தொட்டுவிட்டு மறையும். அலெக்சாண்டிரியாவில் சில பாகைகள் மேலே ஏறும். கிரேக்கத் தத்துவ அறிஞர் பொசிடோனியஸ் இதை வைத்துப் பூமியின் சுற்றளவையே கணக்கிட்டார். ஆனால் இது இடமாறு தோற்றம் அல்ல. பூமி உருண்டை என்பதால் நம் அடிவானம் சாய்கிறது. அகத்தியருக்கும் பக்கத்து விண்மீனுக்கும் இடையிலான இடைவெளி எங்கிருந்து பார்த்தாலும் மாறுவதில்லை. விண்மீன்களை இவ்வளவு தொலைவில் வைத்ததால்தான் கிரேக்கர்களால் இதைப் பூமியின் உருண்டை வடிவத்துக்கு ஒரு சான்றாகக் கொள்ள முடிந்தது.

இனி அரிஸ்டார்க்கஸ். சாமோஸ் தீவுக்காரர், கி.மு. 310இலிருந்து 230 வரை வாழ்ந்தவர் என்பார்கள். நிலா சரிபாதியாக ஒளிரும் நேரத்தில் சூரியன், நிலா, பூமி மூன்றும் நிலாவில் செங்கோணம் அமைக்கும் என்று கண்டு, பூமியில் உள்ள கோணம் 87 பாகை என்று எடுத்து, சூரியன் நிலாவைவிட 18 முதல் 20 மடங்கு தொலைவில் இருக்கிறது என்று நிறுவினார். உண்மையான கோணம் 89 பாகை 51 கலை. உண்மையான விகிதம் சுமார் 390. மூன்று பாகைக்கும் குறைவான பிழைதான் இருபது மடங்குப் பிழையாகப் பெருகியது. அவர் கணக்குப்படி அரைநிலா, நிலாவும் சூரியனும் வானத்தில் 90 பாகை பிரியும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே வர வேண்டும். உண்மையில் அது சுமார் 18 நிமிடம் முன்பு வருகிறது. நிலா எந்த நிமிடத்தில் சரிபாதி ஆனது என்று வெறும் கண்ணால் சொல்ல முயன்று பாருங்கள், அவர் மேல் கோபம் வராது.

கிடைத்திருக்கும் அவருடைய நூல் இந்தக் கணக்கைச் சொல்லும் நூல் ஒன்றுதான். இதில் பூமி சுற்றுவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சூரியனைப் பூமி சுற்றுகிறது என்று அவர் சொன்னது, சிரக்கூஸ் அரசர் கெலோனுக்கு ஆர்க்கிமிடீஸ் எழுதிய மணல் கணக்கு நூலின் வழியாகத்தான் நமக்குத் தெரியும். பிரபஞ்சத்தை நிரப்ப எத்தனை மணல் துகள் வேண்டும் என்று கணக்கிட்ட நூல் அது. கணக்கைப் பெரிதாக்க, இருப்பதிலேயே பெரிய பிரபஞ்சம் அவருக்குத் தேவைப்பட்டது. அது அரிஸ்டார்க்கஸிடம் இருந்தது.

அது ஏன் அவ்வளவு பெரியது? விண்மீன்கள் அசையவில்லை என்பதற்கு அரிஸ்டார்க்கஸ் வைத்திருந்த பதில் அந்தப் பிரமாண்டம்தான். பூமியின் சுற்றுப்பாதைக்கும் விண்மீன் கோளத்தின் தூரத்துக்கும் உள்ள விகிதம், ஒரு கோளத்தின் மையத்துக்கும் அதன் மேற்பரப்புக்கும் உள்ள விகிதம் போன்றது என்றார். அதாவது சுற்றுப்பாதை முழுவதுமே ஒரு புள்ளி. ஆர்க்கிமிடீஸ் இதற்கு முகம் சுளித்தார். புள்ளிக்கு அளவே இல்லை, பிறகு விகிதம் எப்படி வரும் என்று கேட்டுவிட்டு, கணிதக்காரருக்கே உரிய முறையில் அதைத் திருத்தி வாசித்தார்: பூமிக்கும் சூரியன் வரையிலான உலகுக்கும் உள்ள விகிதம்தான், அந்த உலகுக்கும் விண்மீன் கோளத்துக்கும் உள்ள விகிதம் என்று வைத்துக்கொள்வோம்.

பிறகு எண்கள் வருகின்றன. சூரியன் வரையிலான உலகின் விட்டம் ஆயிரம் கோடி ஸ்டேடியாவுக்கு (பழைய கிரேக்க நீள அளவு) மேல் இல்லை. அது பூமியின் விட்டத்தைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் இல்லை. எனவே விண்மீன் கோளத்தின் விட்டம் அந்த உலகைப் போலப் பத்தாயிரம் மடங்கு. ஒரு கோடி கோடி ஸ்டேடியா. அதை நிரப்பத் தேவையான மணல் துகள்கள், 1-க்குப் பின்னால் 63 சுழியங்கள்.

மணலை விடுங்கள். அந்தப் பத்தாயிரத்தைக் கவனியுங்கள். சுற்றுப்பாதையின் ஆரத்தைப் போலப் பத்தாயிரம் மடங்கு தூரத்தில் விண்மீன் இருந்தால், ஆண்டு முழுவதிலும் அது நடுவிலிருந்து எவ்வளவு விலகும்? சுமார் 20 விகலை. ஆறு மாத இடைவெளியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 41 விகலை. வெறும் கண்ணால் பிரித்தறியக்கூடிய எல்லை ஏறக்குறைய 1 கலை, அதாவது 60 விகலை. அன்றைய கருவிகளின் பிழை அதைவிடப் பல மடங்கு. ஆக, ஆர்க்கிமிடீஸ் தம் கையாலேயே எழுதிய எண்களின்படி, பூமி நகர்ந்தாலும் விண்மீன்கள் அசைவது யாருக்கும் தெரிந்திருக்காது. இந்தக் கோணத்தை அவர் அந்த நூலில் கணக்கிடவில்லை. அவருடைய கவனமெல்லாம் மணலில் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடமாறு தோற்றம் தெரியாததால்தான் கிரேக்கர்கள் அரிஸ்டார்க்கஸை நிராகரித்தார்கள் என்று பல அறிவியல் நூல்கள் ஒரே மூச்சில் எழுதிவிடுகின்றன. காலவரிசையே இதற்கு ஒத்துவரவில்லை. அரிஸ்டாட்டில் இறந்தது கி.மு. 322, அப்போது அரிஸ்டார்க்கஸ் பிறக்கவே இல்லை. அரிஸ்டார்க்கஸைப் பெயர் சொல்லிக் குறை கூறிய பழைய குரல்களில் நன்கு அறியப்பட்டவை இரண்டு. ஒன்று ஆர்க்கிமிடீஸின் விகிதப் புகார். மற்றது ஸ்டோயிக் தத்துவவாதி கிளியாந்தஸ் எழுப்பியது: உலகின் அடுப்பை, அதாவது நடுவில் அசையாமல் இருந்த பூமியை, இடம்பெயர்த்தவர் மேல் தெய்வ நிந்தனை வழக்குப் போட வேண்டும் என்று அவர் கருதியதாகப் புளூடார்க் எழுதுகிறார். பின்னால், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வந்த வானியலாளர் தாலமி பூமியின் சுழற்சியை மறுக்கும்போது விண்மீன்களையா சாட்சிக்கு அழைக்கிறார்? இல்லை, மேகங்களையும் எறியப்பட்ட பொருட்களையும் அழைக்கிறார். பூமி கிழக்கே சுழன்றால் மேகம் எல்லாம் மேற்கே பின்தங்க வேண்டாமா என்பது அவருடைய வாதம். இயக்கவியல் தெரியாத காலத்தில் அதற்கு யார் பதில் சொல்வார்கள்?

தாலமி இடமாறு தோற்றத்தை மறந்தவர் அல்ல. நிலாவின் இடமாற்றத்தை அளக்கவே நான்கு முழத்துக்குக் குறையாத கோல்களால் ஒரு கருவி செய்தார். கி.பி. 135 அக்டோபர் 1 அன்று அலெக்சாண்டிரியாவில் நிலா உச்சியிலிருந்து 50 பாகை 55 கலை விலகித் தெரிந்தது. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் 49 பாகை 48 கலை இருக்க வேண்டும் என்றது கணக்கு. வேறுபாடு 1 பாகை 7 கலை. முறை அப்பழுக்கற்றது. அவருடைய நிலாக் கோட்பாடுதான் கோணல். அதன்படி நிலாவின் தூரம் 33 முதல் 64 புவி ஆரங்கள் வரை மாறும். அப்படியானால் சில அரைநிலா நாட்களில் நிலா கிட்டத்தட்ட இரு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும். வாசலில் நின்று பார்த்த யாருக்கும் அது பொய் என்று தெரிந்திருக்கும். தாலமி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சூரியனுக்கு அவர் தந்த தூரம் 1,210 புவி ஆரங்கள். நிலாவின் மிகக் கூடிய தூரத்தால் இதை வகுத்தால் 19க்கு மிக அருகில் வருகிறது. அரிஸ்டார்க்கஸ் சொன்ன 18 முதல் 20 மடங்கின் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. இதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. அந்த எண் பதினேழாம் நூற்றாண்டு வரை ஆட்சி செய்தது. சித்தாந்தம் எனப்படும் இந்திய வானியல் நூல்களும் இதே சுவரில்தான் முட்டின. சூரிய கிரகணத்தைக் கணக்கிட அவை இடமாறு தோற்றத்தைச் சூரியப் பாதையின் வழியே லம்பனம், அதற்குக் குறுக்கே நதி என்று இரண்டாகப் பிரித்துக் கையாண்டன. ஒரு கோளின் ஒரு நாள் ஓட்டத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான் அதன் அதிகபட்ச இடமாற்றம் என்பது அவற்றின் விதி. நிலாவுக்கு இது 53 கலை என்று ஏறக்குறையச் சரியாக வருகிறது. சூரியனுக்கு 4 கலை. உண்மையில் அது 9 விகலைகூட இல்லை. பூமியின் ஆரத்தை அடித்தளமாக வைத்து வெறும் கண்ணால் நிலாவை எட்டலாம். சூரியனை எட்ட முடியாது. அலெக்சாண்டிரியாவானாலும் உஜ்ஜயினியானாலும் இதுதான் நிலைமை.

விண்மீன்களைத் தாலமி 20,000 புவி ஆரங்கள் தூரத்தில் வைத்தார். கோளங்களை ஒன்றுக்குள் ஒன்றாக இடைவெளி இல்லாமல் அடுக்கியதால் கிடைத்த தூரம் அது. அரிஸ்டார்க்கஸை ஏற்பதில் இருந்த உண்மையான தடை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவரை ஏற்றால் சனிக்கும் விண்மீன்களுக்கும் நடுவே எதற்கும் பயன்படாத ஒரு பெரும் பாழ்வெளியை ஏற்க வேண்டும். தாலமியின் அடுக்கில் வீணான இடமே இல்லை.

பதினாறாம் நூற்றாண்டில் டென்மார்க்கின் வானியலாளர் டைக்கோ பிராஹே அதே பாழ்வெளியைப் பார்த்துத்தான் பின்வாங்கினார். வெறும் கண்ணால் அவரைப் போல் அளந்தவர் அதுவரை இல்லை. அவருடைய பிழை 1 கலை அளவுக்குக் குறைந்திருந்தது. விண்மீன்களில் அசைவில்லை. கோப்பர்நிக்கஸ் சொல்வது சரியென்றால், சூரியனிலிருந்து சனி வரையிலான தூரத்தைப் போல 700 மடங்காவது விண்மீன்கள் தள்ளி இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அதோடு விடவில்லை. விண்மீன்கள் கண்ணுக்குச் சிறு வட்டங்களாகத் தெரிகின்றன. ஒளியில் மூன்றாம் தர விண்மீனின் அகலம் 1 கலை என்று அவர் மதிப்பிட்டார். அவ்வளவு தூரத்தில் அந்த அகலம் என்றால், ஒவ்வொரு விண்மீனும் பூமியின் சுற்றுப்பாதை அளவு பெரிதாக இருக்க வேண்டும். இது மூடநம்பிக்கை அல்ல. கையில் இருந்த தரவுகளுக்கு நேர்மையாக நடந்துகொண்ட வாதம். விண்மீனின் அகலம் நம் கண் செய்யும் மாயம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

1728இல் ஜேம்ஸ் பிராட்லி இந்த அசைவைத் தேடிப் போய் வேறொன்றைக் கண்டார். பூமி ஓடுவதால் விண்மீன் ஒளி சாய்ந்து வருவதுபோல் தோன்றும் விளைவு அது. பூமி நகர்வதற்கு முதல் நேரடிச் சான்று கிடைத்துவிட்டது. தேடிய அசைவு கிடைக்கவில்லை. 1838இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் பெஸ்ஸல், சிக்னஸ் மண்டலத்தின் 61ஆம் விண்மீன் விகலையில் மூன்றில் ஒரு பங்கு அசைவதை அறிவித்தார்.

ஏறக்குறைய அதே வேளையில் இன்னொரு விண்மீனின் முடிவும் வந்தது. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் 1832, 1833 ஆண்டுகளில் தாமஸ் ஹெண்டர்சன் அளந்து வைத்திருந்த ஆல்பா சென்டாரி அது. முடிவை 1839இல்தான் வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களில் சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் இருப்பது அதுதான். அதன் விலகல் முக்கால் விகலை. பத்து ரூபாய் நாணயத்தை ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்க்கும் அளவு. தாலமியின் விண்மீன் பட்டியலில் அது இருக்கிறது. மனிதக் குதிரை (சென்டாரஸ்) மண்டலத்தின் முன்னங்கால் நுனியில் உள்ள முதல் தர விண்மீன் என்று அவர் குறித்து வைத்திருக்கிறார். அலெக்சாண்டிரியாவின் தென் அடிவானத்துக்குச் சற்று மேலே ஏறி இறங்கும் அந்த விண்மீன், அவர் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் அதே முக்கால் விகலை இப்புறமும் அப்புறமும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.